குறிப்புக் கட்டம்

எங்கள் மியூசியத்தில் இந்தக் கதை ஆரம்பித்தபோது நாலாயிரத்து இருநூற்றுப் பதினோரு பொருட்கள் இருந்தன. அவற்றில் முக்கால்வாசியை என் வீட்டில் வைத்துக்கொள்ளச் சொன்னால் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்பேன். கைப்பிடி போன கூஜா, ஓடாத கடிகாரம், எப்போதோ செத்துப்போன தபால்காரரின் கிழிந்த பை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. கண்ணுக்குத் தெரியாத ஓரமாகப் பார்த்து வெள்ளைப் பெயின்டை மெல்லிய தூரிகையால் தீற்றி, அது காய்ந்ததும் மேலே கறுப்பு மையால் எழுதுவார்கள். எண்ணுக்கு ஒரு பதிவு. இருபது வருஷமாக அந்தப் பதிவுகளை எழுதியது ஒரே ஆள்தான். நான் அவளை அக்கா என்று கூப்பிடுவேன். மற்றவர்கள் முதுகுக்குப் பின்னால் 'சிவப்பு மை' என்பார்கள்.

காரணம் இருந்தது. பதிவேட்டில் எதையும் அழிக்கக் கூடாது என்பது அவள் தொழிலின் விதி. தப்பாக எழுதிவிட்டால் அதன் குறுக்கே சிவப்பு மையில் ஒரே கோடு போட்டு, மேலே சரியானதை எழுதி, ஓரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். பழையதும் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் வந்த பிறகும் அவள் அழிக்கும் பொத்தானைத் தொட்டதில்லை. வீட்டு மளிகைச் சீட்டில்கூட உப்பு வேண்டாமென்றால் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவாள். நான் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன்.

நான் டிக்கெட் கவுன்டரில் இருப்பவள். கூட்டமில்லாத நேரத்தில் கண்ணாடி துடைப்பேன். அக்காவின் வீட்டு மாடியறையில் பதினோரு வருஷமாகக் குடியிருக்கிறேன். கீழே அக்கா, அவளுடைய அக்கா, அந்தப் பெரியக்காவின் மகன், மூன்று பேர். அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெரியக்காவின் கணவர் படகு விபத்தில் போனவர். மகனைத் தம்பி என்பேன். முப்பது வயதுத் தம்பி. தண்ணீர் வாரிய அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலை. சாயங்காலச் சாப்பாடு எனக்கும் கீழேதான்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கடைசிவரை மூடி வைத்துப் பட்டென்று திறந்து காட்டுகிற வித்தை எனக்குப் பிடிக்காது. எனக்கே இது பிறகுதான் தெரியும் என்றாலும் நீங்கள் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

இருபத்தோரு வருஷத்துக்கு முன் ஒரு காலையில் அக்கரைக்குப் போன படகு, அப்போது கட்டிக்கொண்டிருந்த பாலத்தின் தூணில் மோதி மூழ்கியது. பதினாலு பேர் செத்தார்கள். ஓட்டியவரும் அதில் ஒருவர். அவர்தான் பெரியக்காவின் கணவர். நடு ஆற்றில் எஞ்சின் நின்றுவிட்டது, மெக்கானிக் சரியாகப் பார்க்கவில்லை என்று விசாரணையில் முடிவானது. மெக்கானிக் இருபது மாதம் ஜெயிலில் இருந்தார். ஓட்டியவருக்குக் கடைசிவரை சுக்கானை விடாதவர் என்று பெயர். மியூசியத்தின் படகு அறையில் அவருடைய படம் மாட்டியிருக்கிறது. பக்கத்தில் விபத்தைப் பற்றிய பலகை.

இரண்டு வருஷம் கழித்துப் பெரியக்கா கணவரின் பித்தளை விசிலை மியூசியத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுக்கும்போது தங்கையின் மேஜைமேல் தலையைக் கவிழ்த்து அழுதாள். அன்றைக்கு அவர் விடிந்ததிலிருந்தே குடித்திருந்தார் என்றாள். கரையில் நின்றுகொண்டிருந்த தனக்கு, மோதும்வரை எஞ்சின் சத்தம் கேட்டது என்றாள். பொருளைக் கொடுப்பவர் சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுத வேண்டும் என்பது இன்னொரு விதி. தங்கையாகக் கேட்டுக்கொண்டாள், பதிவாளராக எழுதிக்கொண்டாள். 614-ஆம் எண், குறிப்பு என்ற கட்டம். அந்தக் கட்டம் எதிலும் அச்சாகாது, யார் கண்ணிலும் படாது.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. எழுதாமலும் விடவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் பத்தொன்பது வருஷம் உட்கார்ந்திருந்தாள். நினைத்தால் எனக்குக் கோபமும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது.

மெக்கானிக் மாதம் ஒரு தடவை மியூசியத்துக்கு வருவார். உள்ளூர்க்காரர்தானே, சும்மா போங்கள் என்றாலும் கேட்க மாட்டார். டிக்கெட் வாங்கிக்கொண்டு நேராகப் படகு அறைக்குப் போவார். 'இயந்திரக் கோளாறு, பராமரிப்புக் குறைவு' என்ற பலகையை மேலிருந்து கீழ்வரை படிப்பார். வேறெதையும் பார்க்காமல் திரும்பிவிடுவார். செய்த தப்பு உறுத்துகிறது போல என்று நான் நினைத்துக்கொள்வேன். என் புத்தி அவ்வளவுதான். அவர் வருகிற நாட்களில் அக்கா கிடங்கு அறையைவிட்டு வெளியே வர மாட்டாள். போன வருஷ மழையில் அவர் நெஞ்சுச் சளி கட்டி இறந்துபோனார்.

கதை ஆரம்பித்தது பழைய கம்ப்யூட்டரால். பதிவுகள் இருந்த மென்பொருளை விற்ற கம்பெனி எட்டு வருஷத்துக்கு முன்பே கடையைக் கட்டிவிட்டது. மழைக்காலமானால் அந்தப் பெட்டி ஒரு தினுசாக இருமும். ஒரு நாள் காலையில் அது எழுந்திருக்கவே இல்லை. தம்பி வந்து இரண்டு நாள் மல்லுக்கட்டி உயிர் கொடுத்தான். டைரக்டர் பயந்துபோய், மூன்று மாதத்தில் எல்லாவற்றையும் புதியதுக்கு மாற்ற வேண்டும், கூடவே வெப்சைட்டும் வேண்டும் என்று சொல்லிவிட்டார். தம்பி லீவு நாட்களில் சம்பளமில்லாமல் செய்து தருவதாக ஒத்துக்கொண்டான். அவனுடைய அப்பாவின் படம் மாட்டியிருக்கிற இடம் அல்லவா.

எதை எடுப்பது என்ற பேச்சு சமையலறையில்தான் நடந்தது. வெளியே சாரல். பெரியக்கா உருளைக்கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தாள். நான் ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தேன்.

"நமக்கு ஆகறது ரெண்டே ரெண்டு தான் சித்தி," என்றான் தம்பி. "ரெண்டும் திறந்த மூலம். யாரு வேணா எடுத்துக்கலாம், உள்ள எப்படிச் செஞ்சிருக்குன்னு பிரிச்சுப் பாக்கலாம், நமக்கு ஏத்த மாதிரி மாத்திக்கலாம். நாளைக்கு எவன் கடைய மூடினாலும் நம்ம சரக்கு நம்ம கையில."

"சும்மா குடுக்கறவனுக்கு என்னடா லாபம்?" என்றாள் பெரியக்கா.

"நீ பக்கத்து வீட்டுக்கு சூப் குடுத்து விடறியே, உனக்கு என்ன லாபம்?"

"பாத்திரத்தத் திருப்பி வாங்கிப்பேன்ல."

எல்லோரும் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை.

"ஒண்ணு பெருசு," என்று தம்பி தொடர்ந்தான். "ஒரு பொருளுக்கு இருநூறு கட்டம். ஒவ்வொரு பதிவுலயும் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனிப் பூட்டு. நாமளா தொறந்து விட்டாத்தான் வெளிய தெரியும். ஒரு வருஷம் ஆகும். இன்னொண்ணு சின்னது. பழைய பதிவ அப்படியே உள்ள தள்ளினா, வெப்சைட்டையும் அதுவே கட்டிடும்."

"பெருச எடுப்போம்," என்றாள் அக்கா.

"ஏன் சித்தி?"

"பூட்டு இருக்குன்னியே."

"பல்லு போன சீப்ப யாரு திருடப் போறா?"

"அக்காவுக்கு வெளிய அடிக்கிற காத்துக்கே ஒரு பூட்டு வேணும் தம்பி," என்று நானும் சேர்ந்துகொண்டேன். இப்போது அதை நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

"ஒரு வருஷமானா ஆகட்டும். நான் உக்காந்து செய்யறேன்," என்றாள் அவள்.

"டைரக்டர் மூணு மாசம்னு சொல்லிட்டாரு. அந்தப் பெட்டி மூணு மாசமே தாங்குமான்னு தெரியல. செத்துதுன்னா நாலாயிரம் பதிவும் அதோட போச்சு. அப்புறம் பூட்ட வச்சு என்ன பண்ணுவ?"

அது அவளைத் தொட்டது. பதிவுகள் போய்விடும் என்பதை அவளால் தாங்க முடியாது. முன்னாலிருந்த காலித் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"சின்னதுல மறைக்க முடியாதா?"

"முடியும். எந்தக் கட்டம் வேண்டாம்னு சொல்லு, மொத்தமா மறைச்சுடறேன்."

"குறிப்பு. குறிப்புக் கட்டம் ஒருத்தர் கண்ணுலயும் படக் கூடாது."

"அவ்வளவு தான? முடிஞ்சுது." அவன் அம்மாவின் கையிலிருந்து கத்தியை வாங்கி மீதிக் கிழங்கை உரிக்க உட்கார்ந்தான். நல்ல பிள்ளை. இதில் அவன் மேல் ஒரு தப்பும் இல்லை.

அடுத்த இரண்டரை மாதம் தினமும் வேலை முடிந்து இரண்டு மணி நேரம் சரிபார்த்தோம். மழை பிடித்துக்கொண்டது. கிடங்கு அறையின் சுவர்களில் ஈரம் பூத்தது. ஈரத்தை உறிஞ்சும் பொட்டலங்களை நான் அடுப்பில் காயவைத்துக் காயவைத்து அலமாரிகளில் போட்டேன். பிளாஸ்கில் டீ, காகிதத்தில் சுற்றிய வேகவைத்த முட்டை. நான் தாளைப் பார்த்து எண்ணைப் படிப்பேன். அக்கா திரையில் அந்தப் பதிவைத் திறந்து, படித்து, 'சரி' என்பாள்.

ஆரம்பத்திலேயே ஒரு சிக்கல் வந்தது. பழைய மென்பொருளின் முதல் சில வருஷங்களில் குறிப்புக் கட்டத்தில் ஒரு வரிக்கு மேல் கொள்ளாது. அப்போதெல்லாம் அக்கா ஒரு நட்சத்திரம் போட்டு, மீதியைக் கீழே இருக்கிற விவரம் என்ற கட்டத்தில் எழுதிவிடுவாளாம். அவள் ஒருத்திக்கு மட்டுமே தெரிந்த வழக்கம். விவரமோ எல்லோருக்கும் தெரிகிற கட்டம்.

"நல்லவேளை, பாத்தோம்," என்றாள். அப்படி இருபத்தாறு பதிவுகள். ஒவ்வொன்றிலும் நட்சத்திரத்துக்குப் பிந்தியதை எடுத்துக் குறிப்பில் சேர்த்து, இன்ன தேதியில் இடம் மாற்றியது என்றும் எழுதினாள்.

"அறுநூத்திப் பதிமூணு," என்று படித்தேன் ஒரு நாள்.

திறந்தாள், படித்தாள். "சரி."

"அறுநூத்திப் பதினாலு."

"சரி."

திரையில் பதிமூன்றுதான் இருந்தது. நான் கவனித்தேன். கை வலிக்கிறதாக்கும், பதினாலைத் தெரிந்துதான் வைத்திருப்பாள் என்று விட்டுவிட்டேன். நாலாயிரத்து இருநூற்றுப் பத்துப் பதிவுகளைத் திறந்து பார்த்தவள் அந்த ஒன்றைத் திறக்கவில்லை. தான் எழுதியது ஒரே வரி என்று அவளுக்கு நினைவு. அதை மறுபடி பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. தம்பியும் அதைத் திறக்கவில்லை என்பது பிறகு தெரிந்தது. அப்பாவின் விசில் என்பதால் அவனுக்கு மனசு வரவில்லையாம்.

ஒரு திங்கட்கிழமை பத்து மணிக்கு டைரக்டர் பொத்தானை அழுத்தி வெப்சைட்டைத் திறந்துவைத்தார். பிஸ்கட்டும் டீயும் கொடுத்தோம். புதன்கிழமை காலையில் ஒரு பள்ளி ஆசிரியர் கவுன்டருக்கு வந்து, டிக்கெட் கேட்காமல் போனை என் முன்னால் நீட்டினார். விசில் என்று தேடினால் வருகிறதாம்.

'எண் 614. விசில், பித்தளை. படகு ஓட்டியவருடையது. * அன்று விடிந்ததிலிருந்தே குடித்திருந்தார். எஞ்சின் நிற்கவில்லை, மோதும்வரை சத்தம் கேட்டது. மெக்கானிக் மேல் தப்பு இல்லை. இதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கொடுத்தவர் கேட்டுக்கொண்டார். கொடுத்தவர்: மனைவி.' கீழே பதிவு செய்த தேதி.

கவுன்டரைப் பூட்டாமலே கிடங்கு அறைக்கு ஓடினேன். அக்கா துணிக் கையுறையோடு ஒரு பீங்கான் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என் போனில் காட்டினேன். படித்தாள். முதலில் தட்டைப் பத்திரமாக அதன் பெட்டியில் வைத்தாள். பிறகு கையுறையைக் கழற்றினாள். பிறகுதான் உட்கார்ந்தாள்.

"ஒரு வரி தான் எழுதினேன்னு நெனச்சேன். மீதி விவரத்துல போயிருக்கு," என்றாள்.

நாங்கள் வீட்டுக்குப் போனபோது பெரியக்காவுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். சமையலறை நாற்காலியில் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். தம்பி வேலையிலிருந்து வந்து சுவரோரம் நின்றிருந்தான். அடுப்பில் பால் பொங்கி வழிந்து காய்ந்திருந்தது.

"அம்மா, எஞ்சின் ஓடிட்டு தான் இருந்துச்சா?" என்று தம்பி கேட்டான். அதற்கு முன்பும் கேட்டிருப்பான் போல.

பெரியக்கா அவனைப் பார்க்கவில்லை. தங்கையைப் பார்த்தாள்.

"நான் என் தங்கச்சிகிட்ட சொன்னேன். உன் ஆபீஸ்கிட்டயா சொன்னேன்?"

"அக்கா..."

"உன் மேஜையில தலைய வச்சு அழுதேன்டி. நீ என் தலையத் தடவிக் குடுத்த. நான் போனதும் உக்காந்து எழுதினியா? சொல்ல வேண்டாம்னு சொன்னதையும் சேத்து எழுதியிருக்கியே!"

"குடுக்கறவங்க சொல்றத எழுதணும்கா. அது..."

"வாய மூடு."

தம்பி போனை எடுத்தான். "சித்தி, அழிச்சுடட்டுமா? ஒரு நிமிஷ வேலை. யாரோ விஷமம் பண்ணிட்டாங்கன்னு சொல்லிக்கலாம். அழிச்சுடறேன்."

"அழிக்கக் கூடாது," என்றாள் அக்கா.

எனக்கே அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. பத்தொன்பது வருஷம் வாயைத் திறக்காதவளுக்கு இப்போது என்ன நியாயம் வேண்டிக்கிடக்கிறது என்று தோன்றியது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தபோது, அவளிடம் மிச்சமிருப்பது அந்த ஒரு விதிதான் என்று தெரிந்தது.

"இப்பவும் மாட்டியா?" என்றாள் பெரியக்கா, மெதுவாக. "எனக்காகக் கூடவா?"

"அது உண்மைக்கா. மறைச்சா அந்த மெக்கானிக் மேல மறுபடி பழி விழும்."

"செத்தவன் மேல இனிமே என்னடி பழி? உயிரோட இருக்கறவ நான். இவன் இருக்கான். நாளைக்கு இவன் எந்த மூஞ்சியோட வேலைக்குப் போவான்?"

தம்பி போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அழிக்கவில்லை. அவன் இன்னொன்று மட்டும் கேட்டான். "அந்த மெக்கானிக் வீட்டுக்காரம்மா பக்கத்துத் தெருவுல தான இருக்காங்க? நான் சின்ன வயசுல அவர் வீட்டு ஜன்னல்ல கல்லெறிஞ்சிருக்கேன் சித்தி. நீ பாத்துட்டு என்னைக் கூட்டிட்டு வந்த. திட்டவே இல்ல."

அந்த வாரமே தாயும் மகனும் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். பெரியக்கா போகும்போது அடுப்பைத் துடைத்து, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் போனாள். தங்கையிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தம்பி என்னிடம் மட்டும் மென்பொருளின் கடவுச்சொற்களை எழுதிய தாளைக் கொடுத்தான். அதன் பிறகு சாயங்காலங்களில் நானும் அக்காவும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். அவள் நாலு வாய்க்கு மேல் எடுக்க மாட்டாள்.

பத்து நாள் கழித்து மெக்கானிக்கின் மனைவி வந்தார். மழை விட்டு ஈரக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. குடையை வாசலில் சாத்திவிட்டு, எண்ணி வைத்திருந்த சில்லறையை நீட்டினார்.

"வேண்டாம்மா, உள்ள போங்க," என்றேன்.

"குடும்மா. அவர் வாங்கிட்டுத் தான போவாரு."

கிழித்துக் கொடுத்தேன். படகு அறைக்குப் போய், பலகையின் முன் நின்றார். இந்தத் தடவை அக்கா கிடங்கு அறையிலிருந்து வெளியே வந்தாள். கையில் ஒன்றுமில்லாமல் வந்து பக்கத்தில் நின்றாள். பலகையில் 'இயந்திரக் கோளாறு, பராமரிப்புக் குறைவு' என்பதன் குறுக்கே சிவப்பு மையில் அவள் போட்ட கோடு இருந்தது, ஓரத்தில் கையெழுத்து. அந்த அம்மா அதைப் படித்தார்.

"கம்ப்யூட்டர்ல ஒரு தேதி போட்டிருக்கே," என்றார் பிறகு. "அது நீங்க எழுதின தேதியா?"

"ஆமா."

"அவரு ஜெயில்லேர்ந்து வந்து நாலு மாசம் அப்போ." விரலில் எண்ணிப் பார்த்தார். "மொத மொத இங்க வந்தது அந்த மாசம் தான். எவராவது உண்மையச் சொல்லியிருப்பாங்க, பலகைய மாத்தியிருப்பாங்கன்னு பாக்கப் போறேன்னுவாரு. ஒவ்வொரு மாசமும். நீங்க அப்போ இங்க தான் இருந்தீங்களா?"

"உள்ள தான் இருந்தேன்."

"எல்லாத் தடவையுமா?"

"எல்லாத் தடவையும்."

அவர் அழுவார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால்கூட அக்கா வாங்கிக்கொண்டிருப்பாள். அதற்காகத்தான் வெளியே வந்தாள் என்று நினைக்கிறேன். அவர் பையைத் திறந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். நூலால் கட்டிய டிக்கெட்டுகள். இருநூற்றுச் சொச்சம். ஓரங்கள் பழுப்பேறி, தேதி முத்திரையோடு. கடைசிப் பத்து வருஷத்தவை என் கையால் கிழித்தவை.

"இத வச்சுக்குங்க. பொருள் வாங்கிப்பீங்கல்ல?"

அக்கா அவரைத் தன் மேஜைக்கு அழைத்துப் போய் நாற்காலி போட்டாள். கம்ப்யூட்டரைத் திறந்தாள். எண் 4212. பொருள், அளவு, கொடுத்தவர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு நிரப்பினாள். கடைசியாகக் குறிப்புக் கட்டத்துக்கு வந்ததும் அவரை நிமிர்ந்து பார்த்தாள். விதிப்படி கேட்டாள்.

"கொடுக்கும்போது ஏதாவது சொல்ல விரும்பினா... நான் அப்படியே எழுதணும்."

அந்த அம்மா எழுந்து பையின் வாரைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"ஒண்ணும் இல்ல. தேதிய மட்டும் சரியாப் போடுங்க."

போட்டாள். குறிப்புக் கட்டம் காலியாகத்தான் இருக்கிறது. நீங்களே பார்க்கலாம், குறிப்புக் கட்டத்தின் மறைப்பையும் எடுத்துவிட்டோம், இப்போது எல்லாம் எல்லோருக்கும் திறந்திருக்கிறது.